ஏழு புண்ணியங்கள், 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கோட்டோவியங்கள்: கையில் இருக்கும் பொருளை வைத்து ஆளைச் சொல்லிவிட முடியுமா?

#1 கரிக்கோல்

ஓவிய மாணவர்களுக்கான பயிற்சி ஒன்றுக்காகக் கேட்கிறேன். கிறித்தவ மரபின் ஏழு புண்ணியங்களையும் பெண்ணுருவங்களாக வரைய வேண்டும்: விசுவாசம், நம்பிக்கை, அன்பு, அப்புறம் விவேகம், நீதி, திடம் (மனவுறுதி), மிதம் (தன்னடக்கம்). 1400-களின் இத்தாலியப் பட்டறை முறையில், நிறப்பூச்சிட்ட தாளில் வெள்ளிக் கம்பியால் வரைவது என்று திட்டம்.

அடையாளப் பொருள்களில்தான் இடிக்கிறது. மிதத்துக்கு ஓரிடத்தில் வாயில் கடிவாளம், ஓரிடத்தில் இரண்டு கூஜா, இன்னோரிடத்தில் மணல்கடிகாரம். உருவகங்களுக்கு அகராதி எழுதிய இத்தாலியர் ரிப்பாவின் நூலையும் இணையப் பட்டியல்களையும் சேர்த்து இப்படி ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன்: நீதிக்குக் கண்கட்டு, தராசு, வாள், நம்பிக்கைக்கு நங்கூரம், விவேகத்துக்குக் கண்ணாடி, பாம்பு, திடத்துக்குத் தூண், அன்புக்குக் குழந்தைகள். இது போதுமா? தாள் தயாரிக்கும் முறை தெரிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள்.

#2 பதுவைக்காரர்

முதல் வேலையாக ரிப்பாவை மூடி வையுங்கள். அவர் நூல் முதலில் வந்தது 1593-இல், அதுவும் படமே இல்லாமல். படங்களோடு வந்த பதிப்பு 1603. நீங்கள் வரையப்போவது 1470 வாக்கில் உள்ள பாணி. பேரன் எழுதிய அகராதியை வைத்துத் தாத்தாவின் கடிதத்துக்குப் பொருள் சொல்வதுபோல ஆகிவிடும். இணையப் பட்டியல்களில் பாதி அவரிடமிருந்தே இறங்கி வந்தவை.

உங்கள் அட்டவணையில் இரண்டு இடம் அப்போதே உதைக்கிறது.

நீதியின் கண்கட்டு. 1494-இல் பாசெல் நகரில் அச்சான ‘மூடர்களின் கப்பல்’ நூலின் மரச்செதுக்குப் படத்தில் ஒரு கோமாளி பின்னாலிருந்து நீதியின் கண்ணைக் கட்டுகிறான். அங்கே அது கேலி. நடுநிலைக்கு அடையாளமாகக் கண்கட்டைப் பெருமையாகப் போட்டது அதற்குப் பிறகுதான். 1470-இன் இத்தாலிய நீதி கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கிறாள்.

நம்பிக்கையின் நங்கூரம். விவிலியத்தில் எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தில் அந்த உவமை இருக்கிறது, ஆதிக் கிறித்தவர்களின் கல்லறைச் சுரங்கங்களில் நங்கூரக் குறியும் உண்டு. ஆனால் ஒரு பெண்ணின் பக்கத்தில் நங்கூரத்தை நிறுத்தி ‘இவள் நம்பிக்கை’ என்று காட்டுவது 16-ஆம் நூற்றாண்டில்தான் பரவலாகிறது. அதற்கு முன் நம்பிக்கைக்கு இறக்கை உண்டு, மேல்நோக்கிய கண் உண்டு, எட்டிப்பிடிக்க ஒரு கிரீடம் உண்டு.

அடித்தளம் இத்தாலியின் பதுவை நகரில் இருக்கிறது. ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் ஓவியர் ஜியோத்தோ 1305 வாக்கில் சுவரின் அடிப்பட்டையில் கல் சிற்பம்போலச் சாம்பல் நிறத்தில் வரைந்த பதினான்கு உருவங்கள். பலிபீடத்தை நோக்கி நின்றால் வலப்பக்கச் சுவரில் ஏழு புண்ணியங்கள், இடப்பக்கம் ஏழு தீயொழுக்கங்கள், ஒன்றுக்கு ஒன்று நேரெதிர். விவேகத்துக்கு எதிரே மூடத்தனம், திடத்துக்கு எதிரே நிலையின்மை, மிதத்துக்கு எதிரே சினம், நீதிக்கு எதிரே அநீதி, விசுவாசத்துக்கு எதிரே அவிசுவாசம், அன்புக்கு எதிரே பொறாமை, நம்பிக்கைக்கு எதிரே அவநம்பிக்கை. வரிசை பலிபீடத்தின் பக்கம் தொடங்கி வாசல் சுவரில் இருக்கும் இறுதித் தீர்ப்பில் முடிகிறது. நம்பிக்கை பறந்து போகும் திசையில் மீட்கப்பட்டவர்கள் நிற்கிறார்கள், தூக்கில் தொங்கும் அவநம்பிக்கைக்குப் பக்கத்தில் நரகம். வரிசையை மாற்றினால் அந்தப் பொருள் உடைந்துவிடும். மாணவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அங்கே ஒவ்வோர் உருவமும் ஒரு வேலை செய்கிறது என்பதுதான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. மிதத்தின் வாயில் கடிவாளம், கையில் உறைக்குள் கட்டிப்போட்ட வாள். எதிர்ச் சுவரில் சினம் தன் உடையைத் தானே கிழிக்கிறது. ஒருத்தி கட்டுகிறாள், மற்றவள் அவிழ்க்கிறாள். அன்பு ஒரு கையில் பழமும் பூவும் நிறைந்த கூடையை ஏந்தி, மறு கையால் தன் இதயத்தை மேலே கொடுக்கிறாள், காலடியில் பணப்பைகள் மிதிபடுகின்றன. எதிரே பொறாமை ஒரு பையை இறுக்கிப் பிடித்து நெருப்பில் நிற்கிறாள். அவள் வாயிலிருந்து புறப்பட்ட பாம்பு திரும்பி அவள் கண்ணையே கொத்த வருகிறது. இதெல்லாம் ஒரு அட்டவணையின் கட்டத்துக்குள் அடங்குமா?

#3 சந்தேகப்பேர்வழி

நல்ல விளக்கம். ஆனால் பதுவையில் இருப்பது சுவரோவியம், அதுவும் 1305. இழையின் தலைப்பு 15-ஆம் நூற்றாண்டுக் கோட்டோவியம். தாளில் வரைந்த புண்ணியம் என்று உறுதியாகக் காட்ட என்ன இருக்கிறது? பெரும்பாலான தாள்களில் ஒரு தலை, ஒரு மடிப்புத் துணி, ஒரு கை. அதற்கு ‘நீதி’ என்றும் ‘அன்பு’ என்றும் பெயர் வைத்தது பிற்காலத்துப் பட்டியலிட்டவர்கள்தானே?

#4 செப்புத்தகடு

சந்தேகம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்று இருக்கிறது, அது உங்கள் வாதத்துக்கே வலு சேர்க்கும்.

புளோரன்சில் வணிகர் நீதிமன்றம், மெர்கன்சியா. அதன் கூடத்துக்கு ஏழு புண்ணியங்களைப் பலகையில் தீட்டும் வேலை 1469-இல் ஓவியர் பியரோ தெல் பொல்லாய்வோலோவுக்குப் போகிறது. முதலில் அன்பு. அந்த ஆண்டின் இறுதியில் வெரோக்கியோ என்ற இன்னொரு கலைஞரும் விசுவாசத்துக்கு ஒரு வரைவு தருகிறார், ஆனால் வேலை பியரோவிடமே நிற்கிறது. 1470-இல் திடம் மட்டும் இளம் ஓவியர் போத்திச்செல்லிக்குக் கிடைக்கிறது. ஏழும் இப்போது புளோரன்சின் உஃபிஸி அருங்காட்சியகத்தில். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 167 செ.மீ. உயரம், 87 செ.மீ. அகலம்.

இவற்றில் விசுவாசத்தின் தலைக்கு வரைந்த முழு அளவுக் கோட்டோவியம் பிழைத்திருக்கிறது. கரியும் கறுப்புச் சாக்கட்டியும் கொண்டு வரைந்து, கோடுகளின் மேல் ஊசியால் துளையிட்ட தாள். மேல்நோக்கிய ஓர் இளம்பெண் முகம். இரசக்கிண்ணம் இல்லை, அப்பம் இல்லை, சிலுவை இல்லை. பலகை மட்டும் அழிந்துபோயிருந்தால் இதை விசுவாசம் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. தேவதை என்றோ மரியா என்றோ எழுதி வைத்திருப்பார்கள். ஓவியத்தோடு பொருந்துவதால்தான் பெயர் நிற்கிறது.

ஆக, முகம் எதையும் சொல்லாது. அன்புப் பலகையின் பின்புறத்திலும் அதே உருவத்தின் பெரிய கோட்டோவியம் ஒன்று இருக்கிறது. அங்கே முழு உருவம் இருப்பதால் ஐயமே எழுவதில்லை.

அந்த ஏழில் யார் கையில் என்ன என்று பாருங்கள், உங்கள் பயிற்சிக்கு இதைவிட நல்ல மாதிரி இல்லை. விசுவாசத்திடம் இரசக்கிண்ணம், அப்பம், சிலுவை. நம்பிக்கை வெறுங்கையோடு இருக்கிறாள், கை கூப்பி மேலே பார்ப்பது மட்டுமே அடையாளம். அன்பின் ஒரு கையில் தீச்சுடர், மறுபுறம் பால் குடிக்கும் குழந்தை. விவேகத்திடம் கண்ணாடியும் பாம்பும். நீதியிடம் வாளும் உலக உருண்டையும், தராசு இல்லை. மிதம் கூஜாவிலிருந்து அகன்ற தட்டுப் பாத்திரத்தில் நீர் ஊற்றுகிறாள். போத்திச்செல்லியின் திடம் கவசம் அணிந்து, தளபதியின் கோலைக் குறுக்கே பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். தூணும் இல்லை, சிங்கமும் இல்லை.

கரிக்கோல், உங்கள் அட்டவணைப்படி பார்த்தால் இந்த ஏழில் எத்தனை தேறும் என்று எண்ணிப் பாருங்கள்.

#5 நோட்டுப்புத்தகம்

லியோனார்டோவைச் சேர்க்காமல் இந்தப் பேச்சு முடியாது. அவரிடம் இருப்பது பலகைக்கான வரைவே அல்ல, தாளிலேயே தொடங்கித் தாளிலேயே முடிந்துபோகும் உருவகங்கள். ஆக்ஸ்ஃபர்டின் கிறைஸ்ட் சர்ச் தொகுப்பில் 1480-களின் பேனாக் கோட்டோவியங்கள் சில உண்டு. ஒன்றில் நற்பண்பும் பொறாமையும் ஒட்டிப் பிறந்த உடல்களாகப் பின்னிக் கிடக்கின்றன. நற்பண்பு பிறந்த கணமே தனக்கெதிரான பொறாமையைப் பெற்றுவிடுகிறது, நிழலில்லாத உடலைக்கூடக் காணலாம், பொறாமை தொடராத நற்பண்பைக் காண முடியாது என்பது பக்கத்திலேயே அவர் எழுதிய குறிப்பின் சாரம்.

பொறாமையை எப்படி வரைவது என்பதற்கு அவர் எழுதிய செய்முறை இன்னும் துல்லியம்: முகத்தில் அழகிய முகமூடி, வானத்தை நோக்கி இழிசைகை காட்டும் கை, கண்ணில் பேரீச்ச ஓலையும் ஒலிவக் கிளையும் குத்திய காயம், காதில் லாரலும் மிர்ட்டிலும் குத்திய காயம், ஏனென்றால் வெற்றியும் உண்மையும் அவளைப் புண்படுத்துகின்றன, ஏறிச் செல்ல மரணம், ஏனென்றால் அவள் சாவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ‘ஏன்’ இருக்கிறது. இந்த ‘ஏன்’ இல்லாமல் பொருளை மட்டும் கையில் திணித்தால் படம் நாடகக் கம்பெனியின் சாமான் அறைபோல ஆகிவிடும்.

விலங்குகளுக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் சுமார் 9 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம், 1490 வாக்கில் வரைந்தது: வேடன் முன்னால் நிற்கும் வெண்கீரி. சேறு படிந்த வளைக்குள் ஓடி ஒளிவதைவிட வேடனிடம் பிடிபடுவதே மேல் என்று நினைக்கும் விலங்கு என்பது அக்கால நம்பிக்கை. லியோனார்டோ 1494 வாக்கில் ‘எச்’ என்று குறிக்கப்படும், இப்போது பாரிசில் உள்ள தன் கையேட்டில் இதே கதையை மிதம் என்ற தலைப்பில் எழுதுகிறார். 14-ஆம் நூற்றாண்டு நீதிநூல் ஒன்றிலிருந்து எடுத்தெழுதிய விலங்குக் குறிப்புகள் அவை.

ஒற்றைக்கொம்புக் குதிரைதான் வேடிக்கை. கன்னியின் மடியில் தலை வைத்துப் படுப்பதால் பொதுவாக அதைக் கற்புக்கு அடையாளமாகக் கொள்வார்கள். லியோனார்டோவோ அதே கதையைச் சொல்லி, தன்னை அடக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்வதால் அதை அடக்கமின்மைக்கு எடுத்துக்காட்டாக்குகிறார்! ஒரே விலங்கு, ஒரே கதை, நேரெதிரான இரண்டு பாடம். கொக்கும் இப்படித்தான். ஒரு காலில் கல்லைப் பிடித்துக் காவல் நிற்கும் கொக்கை அவர் விசுவாசமான ஊழியத்துக்கு வைக்கிறார்.

#6 செப்புத்தகடு

அதே கொக்கு ‘மந்தேஞ்ஞா தாரோக்கி’ என்று பெயர்பெற்ற செப்புத்தகட்டு அச்சுகளில் நீதியின் பக்கத்தில் நிற்கிறது. (அவை ஓவியர் மந்தேஞ்ஞா செய்தவையும் அல்ல, தாரோக்கி விளையாட்டுச் சீட்டும் அல்ல. பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.) 1465 வாக்கில், ஃபெராரா பக்கம், மொத்தம் 50 படங்கள், பத்துப் பத்தாக ஐந்து பிரிவு. புண்ணியங்கள் 34 முதல் 40 வரை: மிதம், விவேகம், திடம், நீதி, அன்பு, நம்பிக்கை, விசுவாசம். ஒவ்வொருத்திக்கும் ஒரு துணை விலங்கு. நம்பிக்கைக்கு நெருப்பில் பீனிக்ஸ், அன்புக்குத் தன் மார்பைக் கொத்தும் பெலிக்கன், விசுவாசத்துக்கு நாய், திடத்துக்குச் சிங்கமும் முறிந்த தூணும், விவேகத்துக்குப் பறவைநாகம் (டிராகன்), அவள் பின்தலையில் தாடிக் கிழவனின் முகம்.

கவனிக்க வேண்டிய இடம்: மிதத்தின் காலடியில் ஒரு சிறு விலங்கு கண்ணாடி பார்த்துக்கொண்டிருக்கிறது. எனவே கண்ணாடியைக் கண்டதும் விவேகம் என்று தீர்ப்பெழுதக் கூடாது. அவள் இரண்டு பாத்திரங்களுக்கிடையே நீரை ஊற்றிக்கொண்டிருக்கிறாளா என்று முதலில் பாருங்கள்.

படத்தின் கீழேயே பெயரும் எண்ணும் பொறித்திருப்பதால் பயிற்சிக்கு இவை பாதுகாப்பானவை. ஜெர்மன் ஓவியர் டியூரரே இவற்றில் பலவற்றைப் பேனாவால் படியெடுத்திருக்கிறார்.

#7 கரிக்கோல்

அட்டவணையைக் கிழித்தாயிற்று. 😄 இரண்டு சந்தேகம் மிச்சம். மிதத்துக்கு எதை எடுப்பது? கண்ணாடி பிடித்த பெண் விவேகமா, வெற்று அழகுச் செருக்கா என்று எப்படிப் பிரிப்பது?

#8 பதுவைக்காரர்

மிதம்: காலமும் ஊரும் சேர்ந்து முடிவு செய்யும். கடிவாளமும் கட்டிய வாளும் ஜியோத்தோ வழி. மணல்கடிகாரம் சியனாவில் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1338-39-இல் ஒன்பதின்மர் கூடத்தில் வரைந்த நல்லாட்சிச் சுவரோவியத்தில் இருக்கிறது. மணல்கடிகாரத்தின் மிகப் பழைய படங்களில் அதுவும் ஒன்று. நீர் ஊற்றுவது 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியின் பொது வழக்கு. அதே காலத்தில் பிரெஞ்சுச் சுவடிகளில் மிதம் தலையில் கடிகாரம், வாயில் கடிவாளம், கையில் மூக்குக்கண்ணாடி, காலில் குதிமுள், காலடியில் காற்றாலை என்று ஒரு சந்தையையே சுமக்கிறாள். அது அந்த நாட்டுக் கூத்து, உங்கள் தாளுக்கு வேண்டாம். ஊற்றும் மிதத்தை எடுங்கள்.

ஊற்றுவதில் மாணவர்கள் செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான்: இரண்டு பாத்திரத்தையும் ஒரே உயரத்தில் பிடிக்க வைத்துவிடுவார்கள். நீர்க்கோடு சாய்ந்து, ஊற்றுவதாகவே தெரியாது. மேல் பாத்திரத்தின் மூக்கு கீழ்ப் பாத்திரத்தின் வாய்க்கு நேர் மேலே வரட்டும். நீர் விழும் கோடு செங்குத்து. கண் அந்தக் கோட்டைத் தொடரட்டும். அளவு பார்த்து ஊற்றுவது கண்ணில்தான் தெரியும்.

கண்ணாடிக்காரி: பாம்பு, பின்தலையில் இரண்டாம் முகம், கவராயம், எழுதுமேசை ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் விவேகம். ஜியோத்தோவின் விவேகத்துக்கு இவற்றில் பாம்பு தவிர எல்லாம் உண்டு. இரண்டு முகம் எதற்கு என்றால், விவேகத்துக்கு நினைவு, அறிவு, முன்னறிவு என மூன்று பகுதி என்று சிசெரோ பிரித்து வைத்தார். கிழமுகம் கடந்ததைப் பார்க்கிறது. பாம்பு மத்தேயு நற்செய்தியின் ‘பாம்புகளைப்போல் விவேகம்’ என்ற வாக்கிலிருந்து வருகிறது. சீப்பு, எலும்புக்கூடு, பின்னால் சாத்தான் இருந்தால் செருக்கு. எதுவுமே இல்லாமல் கண்ணாடி மட்டும் இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். வெனிஸின் அக்கதேமியா அருங்காட்சியகத்தில் ஜியோவான்னி பெல்லினியின் சிறு உருவகப் பலகை ஒன்றில் பீடத்தின்மேல் ஆடையற்ற பெண் கண்ணாடி காட்டி நிற்கிறாள். விவேகமா செருக்கா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

குழப்பம் அதிகம் வரும் வேறு இடங்களும் உண்டு. இரசக்கிண்ணம் பிடித்தவள் விசுவாசமாகவும் இருக்கலாம், புனித பார்பராவாகவும் இருக்கலாம். பக்கத்தில் கோபுரமோ கையில் குருத்தோலையோ தெரிந்தால் பார்பரா. வாளும் தராசும் உள்ள உருவத்துக்கு இறக்கை இருந்து காலடியில் சாத்தானும் இருந்தால் மிக்கேல் சம்மனசு (தேவதூதர்). ஒரே குழந்தை, சுடர் இல்லை என்றால் அன்பையும் மரியாவையும் தாளை வைத்துப் பிரிக்க வழியில்லை. இரண்டு குழந்தை ஒரே நேரத்தில் பால் குடித்தால் அன்பு. 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தீனோ தி கமாய்னோ கல்லில் அப்படிச் செதுக்கிவிட்டார்.

ஒளிவட்டத்தையும் பாருங்கள். இத்தாலியப் பட்டறைகளில் புண்ணிய உருவங்களுக்கு ஆறு பக்கமுள்ள ஒளிவட்டம் வைக்கும் வழக்கம் இருந்தது. வட்டம் புனிதர்களுக்கு.

#9 வெள்ளிக்கம்பி

தாள் தயாரிப்புக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன்.

1400 வாக்கில் சென்னினோ சென்னினி எழுதிய செய்முறை இது. பச்சைத் தாளுக்குப் பச்சை மண் நிறமி அரைக் கொட்டையளவு, மஞ்சள் காவி அதில் பாதி, ஈய வெள்ளை காவியில் பாதி, எலும்புச் சாம்பல் ஓர் அவரை விதையளவு, சாதிலிங்கம் அரை அவரையளவு. எல்லாம் கல்லில் நீர்விட்டு நன்றாக அரைத்து, வச்சிரம் கலந்து பூச வேண்டும். எலும்பு கோழியின் தொடையும் இறக்கையும், சாம்பலைவிட வெள்ளையாகும்வரை சுட்டது.

அப்படியே செய்யாதீர்கள். ஈய வெள்ளையும் சாதிலிங்கமும் நஞ்சு, மாணவர் கையில் கொடுக்கவே கூடாது. ஈயத்துக்குப் பதில் துத்தநாக வெள்ளை, சாதிலிங்கத்துக்குப் பதில் செங்காவி.

செயல்முறை: 100 மி.லி. நீரில் 6 கிராம் முயல்தோல் பசை, இரவு முழுக்க ஊறட்டும். மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள், 60 டிகிரி செல்சியசைத் தாண்டாமல். கொதித்தால் பசையின் பிடிப்பு செத்துவிடும். தச்சுக்கடை வச்சிரமும் வேலை செய்யும், ஆனால் பழுப்பு நிறமும் வாடையும் உண்டு, பச்சைத் தாள் சேற்றுநிறமாகிவிடும். நீரில் குழைத்த நிறமியையும் எலும்புச் சாம்பலையும் பசையில் சேர்த்து, பாலேடு பதத்துக்குக் கொண்டுவந்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள வழவழப்பான பருத்தித் தாளைப் பலகையில் ஒட்டி இழுத்துக் காயவைத்த பிறகே பூச்சு. அகலத் தூரிகையால் நான்கு மெல்லிய பூச்சு, ஒன்று நெடுக்கில், அடுத்தது குறுக்கில், ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்தபின். கடைசியில் 600 எண் உப்புத்தாளால் ஒருமுறை லேசாகத் தேய்த்துத் தூசு தட்டுங்கள்.

கம்பி நகைப்பட்டறையில் கேட்டால் கிடைக்கும், தூய வெள்ளியோ 92.5-ஓ இரண்டும் சரி. 2 மி.மீ. கிளட்ச் பென்சிலில் பொருத்துங்கள். முனையை உப்புத்தாளில் உருட்டி மழுக்குங்கள். வெட்டிய முனை அப்படியே இருந்தால் பூச்சைக் கீறிக் கிழிக்கும்.

#10 சந்தேகப்பேர்வழி

எலும்பெல்லாம் எதற்கு? கவாஷ் (ஒளிபுகா நீர்வண்ணம்) வெள்ளையைத் தண்ணீரில் கரைத்து மூன்று தடவை பூசினால் வெள்ளி பிடிக்கிறதே.

#11 வெள்ளிக்கம்பி

பிடிக்கும். வெள்ளி உலோகம் வெறும் தாளில் எழுதாது, உரசிப் பிய்த்தெடுக்க ஒரு சொரசொரப்பான கனிமத்துகள் வேண்டும், அவ்வளவுதான். கவாஷில் அது இருக்கிறது. அவசர வகுப்புக்கு அதுவே போதும். எலும்புச் சாம்பல் பூச்சில் கோடு சற்று அடர்த்தியாக விழும்.

என்ன கெடும் என்று சொல்கிறேன். பசை கூடினால் பரப்பு கண்ணாடிபோல மூடிக்கொள்ளும், கம்பி வழுக்கும், கோடே விழாது. பசை குறைந்தால் கம்பி பள்ளம் தோண்டும், விரல் பட்டால் மாவு ஒட்டும். இரண்டும் நடந்தால் அந்தத் தாளோடு போராடாமல் புதிதாகப் பூசுங்கள். ஈரக்காற்று நாளில் பசைப்பூச்சு காய நேரமெடுக்கும், காயாமல் அடுத்ததைப் பூசினால் கீழ்ப்பூச்சு கரைந்து கோடுகோடாக நிற்கும்.

வரையும்போது அழுத்தாதீர்கள். வெள்ளியில் அழுத்தம் கருமையைத் தராது. இணைகோடுகளை அடுக்கித்தான் நிழல் வரவேண்டும், ஒருமுறை, அதன்மேல் சற்றே கோணம் மாற்றி மறுமுறை. போன கோடு அழியாது, அதனால் முதல் வடிவத்தை மிக மெல்லிய கரியில் போட்டு இறகால் தட்டிவிட்டு அப்புறம் வெள்ளியைத் தொடுங்கள். சாம்பல் நிறக் கோடு மாதக்கணக்கில் காற்றிலுள்ள கந்தகம் பட்டுப் பழுப்பாகும். மாணவர்கள் பயப்பட வேண்டாம், அது கெட்டுப்போவது அல்ல.

ஒளி: நிறத்தாளே நடு நிழல். வெள்ளையை மெல்லிய தூரிகையால் நெற்றி, மூக்குத்தண்டு, துணி மடிப்பின் முகடு ஆகிய இடங்களில் மட்டும் கோடுகோடாக வையுங்கள். அப்பினால் உருவம் மாவு பூசியதுபோல நிற்கும். கன்னத்தில் ஒரு கறுப்புத் திட்டோடு பழைய கோட்டோவியம் ஏதாவது கண்ணில்பட்டால் அதை நிழல் என்று எண்ணிப் படியெடுக்காதீர்கள். ஈய வெள்ளை காலப்போக்கில் கருத்துப்போனது அது. ஒளி இருந்த இடம்!

#12 செப்புத்தகடு

துளைத்தாள் முறையையும் (துளைகள் வழியே கரித்தூளைத் தட்டிப் படத்தை வேறு பரப்புக்கு மாற்றுவது) பயிற்சியில் சேருங்கள், பியரோவின் விசுவாசம் அப்படிப் பிறந்ததுதானே. கோட்டோவியத்துக்கு அடியில் ஒரு வெற்றுத்தாளும் அதற்கடியில் கம்பளித் துணியும் வைத்து ஊசியால் குத்துங்கள். கண்ணிமை, உதட்டோரத்தில் 1 மி.மீ. இடைவெளி, துணி மடிப்பில் 3 மி.மீ. போதும். அடித்தாளிலும் துளை விழுந்துவிடும், அதைத்தான் கரித்தூளுக்குப் பயன்படுத்த வேண்டும், மூலம் அழுக்காகாது. துளைத்தாளின் பின்பக்கத்தை உப்புத்தாளால் ஒருமுறை தேய்க்காவிட்டால் துளைகளின் விளிம்பு மூடிக்கொண்டு புள்ளி இறங்காது. கரித்தூளை மல் துணியில் முடிந்து தட்டுங்கள். தேய்த்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துபோகும்.

இதில் ஒரு பொறி உண்டு. அதே துளைத்தாளைத் திருப்பிப் போட்டால் உருவம் இடவலம் மாறிவிடும், பட்டறைகளில் ஒரு வரைவை இரண்டு உருவத்துக்கு இப்படிப் பயன்படுத்துவது வழக்கம். அச்சுப்படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் வெட்டினாலும் அச்சில் திரும்பித்தான் வரும். நீதி இடக்கையில் வாளேந்தி நின்றால் அதற்குப் புதுப்பொருள் தேடாமல், இது திருப்பிய படியா என்று முதலில் பாருங்கள். நிழற்கோடுகளின் சாய்வும் உதவும். வலக்கைக்காரரின் கோடு மேல்வலத்திலிருந்து கீழிடத்துக்கு விழும். லியோனார்டோ இடக்கைக்காரர், அவருடையது மேலிடத்திலிருந்து கீழ்வலத்துக்கு.

#13 கரிக்கோல்

மெர்கன்சியாவின் ஏழையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் மிதம், கடைசியில் அன்பு. நீதிக்குத் தராசு இல்லாமல் வாளும் உருண்டையும் மட்டும் வைத்தால் மாணவர்கள் அரசி என்று நினைக்க மாட்டார்களா?

#14 பதுவைக்காரர்

தனித்தாளாகக் காட்டினால் நினைப்பார்கள். ஏழையும் ஒரே வரிசையில் மாட்டுங்கள், ஐயம் வராது. தனியாகத்தான் காட்ட வேண்டும் என்றால் பீடத்தின் விளிம்பில் அவள் பெயரை எழுதிவிடுங்கள். ஜியோத்தோவும் பெயர் எழுதித்தான் வைத்தார். வாளை மட்டும் நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். சாய்ந்து தோளில் கிடந்தால் வேலை முடிந்து ஓய்வெடுப்பவள்போலத் தெரியும்.